வெள்ளிக்கிழமை பின்னேரம் போன 140 குறுஞ்செய்திகள்

வெள்ளிக்கிழமை பின்னேரம், ஐந்து மணி தாண்டிக் கொஞ்ச நேரம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வீட்டின் மேல்மாடிதான் எங்கள் அலுவலகம். பாதிப்பேர் மோட்டார் சைக்கிள் திறப்பைக் கையில் எடுத்துவிட்டோம். அந்த நேரம் பார்த்துக் கூட்டுறவுச் சங்க முகாமையாளரின் அழைப்பு வந்தது.

"தம்பி, என்ன செய்தனீங்கள்? கடன் கட்டி முடிச்ச ஆக்களுக்கெல்லாம் நிலுவை இருக்கெண்டு மெசேஜ் போயிருக்கு. ஒரு ஐயா பற்றுச்சீட்டையும் கொண்டுவந்து வாசலில நிக்கிறார்."

சங்கத்தின் உறுப்பினர் பதிவு, சேமிப்பு, கடன் எல்லாவற்றுக்கும் மென்பொருள் செய்து கொடுத்தது நாங்கள்தான். சங்கம் நாளாந்தம் பயன்படுத்தும் நேரடிச் சேர்வரைத் திறந்து பார்த்தோம். அது அன்றைக்கு ஒரு செய்திகூட அனுப்பவில்லை. அனுப்பியது பக்கத்து மேசைக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்த பரிசோதனைச் சேர்வர். மூன்று மாதம் பழைய காப்புப் பிரதி அதில் ஏற்றப்பட்டிருந்தது. உறுப்பினர்கள் உண்மையான ஆட்கள், தொலைபேசி இலக்கங்களும் உண்மை. நிலுவைத் தொகை மட்டும் மூன்று மாதத்துக்கு முந்தியது. இயந்திரத்தை நிறுத்துவதற்குள் 140 செய்திகள் போய்விட்டன.

அதற்குப் பிறகு நாங்கள் என்ன செய்தோம், எதில் பிழைவிட்டோம், எதைப் பாதியில் கைவிட்டோம் என்பதுதான் இந்த ஆய்வு. சங்கத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டுவிட்டேன்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. புதிய பரிசோதனைச் சேர்வர் அமைக்க எங்களிடம் ஒரு வேர்ட் ஆவணம் இருந்தது. 43 படிகள். நேரடிச் சேர்வரின் அமைவுக் கோப்பைப் பிரதியெடு என்பது படி 12. அதில் உள்ள எஸ்.எம்.எஸ். சாவியை (செய்தி அனுப்ப அனுமதிக்கும் இரகசியக் குறி) அழி என்பது படி 19. அன்று காலை அந்த வேலையைச் செய்தவர் எங்களில் ஆக இளையவர். படி 18-இல் நிற்கும்போது கரண்ட் போய்விட்டது. வந்ததும் எந்தப் படியில் விட்டோம் என்று ஆவணத்தில் தேடி, 20-இலிருந்து தொடர்ந்திருக்கிறார். பின்னேரம் ஐந்து மணிக்கு நிலுவை நினைவூட்டலைத் தானாக அனுப்பும் கிரோன் என்ற நேரங்குறித்த வேலை, யாரும் சொல்லாமலே தன் கடமையைச் செய்தது.

அந்த இளைய தம்பியை யாரும் ஏசவில்லை. 43 படியில் 42-ஐச் சரியாகச் செய்தவனை என்னவென்று பேசுவது? அந்த ஆவணத்தை எழுதியவன் நான். ஆபத்தான கோப்பைப் படி 12-இல் எடுக்கச் சொல்லிவிட்டு, ஆபத்தை நீக்குவதற்கு ஏழு படி காத்திருக்கச் சொன்னவனும் நான்தான்.

முதலில் நாங்கள் செய்த பரிகாரம் வெட்கக்கேடானது. படி 19-ஐச் சிவப்பு எழுத்தில் போட்டு, பெரிதாக்கி, அச்சடித்துச் சுவரில் ஒட்டினோம். சரி, இனிப் பிரச்சினை வராது என்று நினைத்தோம். ஒரு மாதம் ஆகவில்லை, வேறு வாசலால் வந்தது. ஒருவர் தன் விண்டோஸ் மடிக்கணினியில் எழுதிச் சோதித்த அறிக்கைப் பகுதி, நேரடிச் சேர்வரில் ஏற்றியதும் விழுந்துவிட்டது. அட்டவணையின் பெயரை ஓரிடத்தில் பெரிய எழுத்திலும் மற்ற இடத்தில் சிறிய எழுத்திலும் எழுதியிருந்தார். விண்டோஸில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். நேரடிச் சேர்வர் ஓடும் லினக்ஸில் இரண்டும் இரண்டு அட்டவணை. அது போதாதென்று அவர் வைத்திருந்தது, வலைச் சேர்வரும் தரவுத்தளமும் சேர்ந்து வரும் ஸாம்ப் தொகுப்பு. 2015-க்குப் பிறகு அந்தத் தொகுப்பில் வருவது மைஎஸ்கியூஎல்லே இல்லை, அதிலிருந்து பிரிந்த மரியாடிபி. ஐந்து பேர், ஐந்து மடிக்கணினி, ஐந்து விதமான தரவுத்தளம். நாங்கள் சோதித்துக்கொண்டிருந்தது எங்கள் மடிக்கணினிகளை, சங்கத்தின் மென்பொருளை இல்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

ஒரே கட்டளை

அடுத்த திங்கட்கிழமை வேர்ட் ஆவணத்தை மூடிவிட்டு, ஒரு மென்பொருளையும் அதற்குத் தேவையானவற்றையும் கொன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டொக்கருக்கு மாறினோம். 2013-இல் வெளிவந்த பொருள், நாங்கள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நேரடிச் சேர்வரில் என்ன பதிப்பு மைஎஸ்கியூஎல் ஓடுகிறதோ அதே பதிப்பு, அதே பி.எச்.பி. நிரல்மொழிப் பதிப்பு, அதே எழுத்துக்குறியீட்டு ஒழுங்கு எல்லாவற்றையும் ஒரு கொம்போஸ் கோப்பில் எழுதினோம். அதற்கு மேல், கட்டளைகளை ஒழுங்காக ஓட்டும் மேக் கருவிக்கு ஒரு மேக்ஃபைல். 1976-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த அந்தக் கருவி இன்றைக்கும் டாபுக்குப் பதில் இடைவெளி போட்டால் கோபிக்கும். முதல் நாள் பாதி அதிலேயே போனது. அதைத் தாண்டினால், ஒரு வரி அடித்தால் பழையது அழிந்து புதிய சூழல் எழும்பும்.

எஸ்.எம்.எஸ். விஷயத்தில் சாவியை அழிப்பது என்ற யோசனையையே விட்டுவிட்டோம். அழிக்க வேண்டியதை யாராவது ஒரு நாள் மறப்பார். அதனால் நினைவூட்டல் அனுப்பும் கொன்டெய்னரை டொக்கரின் உள் வலையமைப்பில் மட்டும் சேர்த்தோம். கொம்போஸ் கோப்பில் அந்த வலையமைப்பை உள்ளகம் என்று ஒரு வரியில் குறித்தால், அதற்குள் இருக்கும் எதற்கும் இணையத்துக்குப் போக வழி கிடையாது. வெளியிலும் உள்ளேயும் கால் வைத்திருப்பது முன்னால் நிற்கும் வலைச் சேர்வரான என்ஜின்எக்ஸ் மட்டும். சாவி இருந்தாலும் செய்தி எங்கேயும் போகாது. எஸ்.எம்.எஸ். நிறுவனத்தின் இடத்தில் எங்களுடைய 30 வரிப் போலிச் சேவை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வருகிற செய்தியை வாங்கி, "அனுப்பியாச்சு" என்று பதில் சொல்லி, ஒரு பக்கத்தில் பட்டியலிட்டுக் காட்டும். இப்போது நிலுவைச் செய்தி சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க யாருடைய தொலைபேசியும் தேவையில்லை.

சொல்லும்போது இலகுவாக இருக்கிறது. முதல் கிழமை முழுக்கக் கரைச்சல்தான். பழைய மடிக்கணினிகளில் தரவுத்தளம் முதன்முறை எழும்ப நேரம் எடுக்கும். அதற்குள் செயலி வந்து கதவைத் தட்டி, பதில் இல்லாமல் செத்துப்போகும். கொம்போஸில் 'இதற்குப் பிறகு இது' என்று எழுதினால் போதும் என்று நினைத்தோம். அது கொன்டெய்னர் தொடங்கியதா என்று மட்டும்தான் பார்க்கும், உள்ளே தரவுத்தளம் பதில் சொல்லத் தயாரா என்று பார்க்காது. தயார்நிலைச் சோதனை ஒன்றைச் சேர்த்தோம். அப்போதும் சிலவேளை விழுந்தது. இரண்டு நாள் தலையைப் பிய்த்த பிறகு பிடிபட்டது. மைஎஸ்கியூஎல் படிமம் (கொன்டெய்னரை எழுப்ப இறக்கும் தயார்ப் பொதி) முதன்முறை தரவைத் தயாரிக்கும்போது, உள்ளுக்குள் ஒரு தற்காலிகச் சேர்வரை எழுப்பும். அது வலையமைப்பில் வராது, சொக்கெட் என்ற உள்வாசல் வழியாக மட்டும் பதில் சொல்லும். எங்கள் சோதனை அந்தச் சொக்கெட்டைத் தட்டி, "ஆள் இருக்கு" என்று நம்பிவிட்டது. சோதனையை வலையமைப்பு முகவரி வழியாகத் தட்டச் சொன்னதும் பிரச்சினை தீர்ந்தது.

இன்னொன்று டேட்டா. ஐந்து பேரும் ஒரே நாளில் படிமங்களை இறக்கத் தொடங்க, மாதப் பொதி மூன்றாம் நாளே முடிந்தது. மூலையில் தூசி பிடித்துக் கிடந்த மேசைக் கணினியைத் தட்டியெடுத்து, உள்ளூர்ப் படிமக் களஞ்சியமாக்கினோம். ஒருவர் இறக்கியது அங்கே தங்கும், மற்ற நால்வரும் அங்கிருந்து எடுத்துக்கொள்வார்கள். யு.பி.எஸ். ஒன்றையும் அதற்கே கொடுத்தோம், ஏனென்றால் இரவில் மென்பொருளைத் தானாகச் சோதிக்கும் வேலையும் அதிலேதான் ஓடுகிறது. நள்ளிரவில் கரண்ட் போய் இயந்திரம் அணைந்தாலும், திரும்ப எழும்பியதும் தவறிய வேலையை ஓட்டும்படி, லினக்ஸில் நேரம் குறித்து வேலை ஓட்டும் சிஸ்டம்டி டைமரில் ஒரு வரி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இரவு வேலையை நம்பி வைப்பவர்கள் அந்த வரியைத் தேடிப் பிடிப்பது நல்லது.

அந்த இரவுச் சோதனை முதல் கிழமையிலேயே ஒரு விசித்திரத்தைக் காட்டியது. இரவு இரண்டு மணிக்கு ஓடினால் தவணைத் திகதிச் சோதனை விழும். காலையில் வந்து நாங்கள் ஓட்டினால் பாஸ். மூன்று நாள் இப்படி. "பேய் பிடிச்சிருக்கு" என்று ஒருவர் சொல்லியே விட்டார். காரணம் எளிமையானது. எங்கள் மடிக்கணினிகள் கொழும்பு நேரத்தில் இருந்தன, கொன்டெய்னர்கள் உலக நேரத்தில். இலங்கை ஐந்தரை மணித்தியாலம் முன்னால். எனவே நள்ளிரவிலிருந்து விடிய ஐந்தரை வரைக்கும் கொன்டெய்னருக்கு இன்னமும் நேற்று. தவணை பிந்திய நாட்கள் ஒன்று குறைவாக வந்தது. நேரடிச் சேர்வரிலும் இதே பிழை ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது. அந்த நேரத்தில் சங்கத்தில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை என்பதால் தப்பித்திருக்கிறோம்.

பொய் உறுப்பினர்கள்

உண்மையான தரவைப் பரிசோதனைக்கு எடுப்பதில்லை என்று தீர்மானித்தோம். 140 பேருக்கு மன்னிப்புச் செய்தி அனுப்பிய பிறகு அந்தத் தீர்மானத்துக்கு வாக்கெடுப்புத் தேவைப்படவில்லை. 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. ஆனால் பொய்த் தரவு உருவாக்குவது நினைத்ததைவிடக் கடினம், அதேயளவு பயனுள்ளது.

தேசிய அடையாள அட்டை இலக்கத்தையே எடுங்கள். பழையதில் ஒன்பது இலக்கமும் கடைசியில் வீ அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும். முதல் இரண்டு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள். பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்படும். 2016-இல் வந்த புதிய இலக்கம் 12 தானம்: ஆண்டுக்கு முன்னால் 19 சேரும், நாளுக்குப் பின்னால் ஒரு பூச்சியம் நுழையும், எழுத்து போய்விடும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நாளை எண்ணும்போது பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்துத்தான் எண்ணுவார்கள், லீப் ஆண்டோ இல்லையோ. மார்ச் 1 எந்த ஆண்டிலும் 61.

எங்கள் உருவாக்கி இந்த விதிப்படி பொய் இலக்கங்களைத் தயாரித்துப் பிறந்த திகதியோடு ஒப்பிட்டது. சோதனை சிவப்பாக வந்தது. பொய்த் தரவில் பிழை தேடி அரை நாள் போனது. பிழை உண்மையான மென்பொருளில் இருந்தது. லீப் அல்லாத ஆண்டில் மார்ச் 1 முதல் பிறந்த எல்லோருக்கும் நாங்கள் ஒரு நாள் பிந்திய பிறந்தநாளைக் காட்டிக்கொண்டிருந்தோம். இரண்டு வருடமாக. நேரடித் தரவைப் பிரதியெடுத்தே சோதித்துக்கொண்டிருந்தால் இது பிடிபட்டிருக்காது, ஏனென்றால் அந்தத் தரவிலிருந்த திகதிகளைக் கணித்ததே நாங்கள்தான்.

பாமினியும் காற்புள்ளியும்

இனி எழுத்து வேலை. உண்மையைச் சொன்னால் சேர்வர் வேலையை விட இதுதான் எங்களை அதிகம் சோதித்தது.

சங்கத்தின் பழைய உறுப்பினர் பதிவுகள் எக்செல் கோப்புகளில், பாமினி எழுத்துருவில் இருந்தன. வடக்கில் பழைய கோப்பு எதைத் திறந்தாலும் பாமினிதான், வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. திரையில் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்பது அங்கே ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. இதுவரை ஒவ்வொரு கிழமையும் ஒருவர் உட்கார்ந்து ஒரு கோப்பை எடுத்து, பாமினியை யுனிகோட் என்ற இன்றைய பொதுக் குறியீட்டுக்கு மாற்றும் இணைய மாற்றியில் ஒட்டி, திரும்பப் பிரதியெடுத்து, பிழை பார்த்து, சேர்த்துக்கொண்டிருந்தார். ஒரு கோப்புக்கு ஒரு முழுப் பின்னேரம்.

அதைத் தானாகச் செய்யும் சிறு நிரலை, முதல் ஸ்கிரிப்டை, ஒரு மணித்தியாலத்தில் எழுதினோம். எக்செல்லை காற்புள்ளி பிரித்த கோப்பாகச் சேமித்து, வரியை வரியாக வாசித்து, காற்புள்ளியில் வெட்டி, எழுத்தை எழுத்தாக மாற்றுவது. ஓட்டிப் பார்த்தால் இணுவில் ஆட்கள் எல்லோருக்கும் முகவரி தொலைபேசி நெடுவரிசைக்குள் போய்விட்டது. இராசையாக்கள், இரத்தினங்கள், இளங்கோக்கள் எல்லோருக்கும் பெயரே பாதி. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. விளங்க ஒரு தேத்தண்ணி நேரம் ஆனது: பாமினியில் 'இ' என்ற எழுத்து இருப்பதே காற்புள்ளி விசையில். சரி, அரைப்புள்ளியால் பிரிப்போம் என்றார் ஒருவர். அரைப்புள்ளிதான் மெய்யெழுத்துக்கு மேல் வைக்கும் புள்ளி. அதை வைத்துப் பிரித்தால் ஒருவர் பெயரும் மிஞ்சாது. கடைசியில் டாபால் பிரித்தோம். மேற்கோள் குறியை மதித்து வாசிக்கத் தெரிந்த நூலகம் ஒன்றைப் பயன்படுத்தியிருந்தால் இந்தப் பாடமே வந்திருக்காது, அதுவும் உண்மை.

அடுத்தது கொக்குவில் என்ற ஊர்ப்பெயர். பாமினி கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் எழுதுவது: முதலில் கொம்பு (ெ), பிறகு க, பிறகு அரவு (ா). யுனிகோடில் மெய் முதலில், உயிர்க்குறி பின்னால். எழுத்தை எழுத்தாக மாற்றியதில் கொக்குவில், கோண்டாவில், கோப்பாய் எல்லாம் கொம்பு முன்னால் தொங்கிக்கொண்டு நின்றன. மாற்று அட்டவணையை நீளமான சேர்க்கை முதலில் வரும்படி அடுக்கியதும் ஒழுங்கானது. மூன்று எழுத்துச் சேர்க்கை, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று.

அப்போதும் தேடல் பெட்டியில் 'கொக்குவில்' என்று அடித்தால் ஒருவரும் வரவில்லை. திரையில் பார்த்தால் ஒரே சொல். உள்ளே பார்த்தால் ஒன்றில் ஒகரக்குறி ஒரே குறியீடு, மற்றதில் கொம்பும் அரவும் தனித்தனி. இரண்டும் சமமானவை என்றுதான் யுனிகோட் சொல்கிறது, ஆனால் சேர்த்து எழுதும் வடிவத்துக்கு மாற்றினால்தான் நிரல் அதை ஏற்கும். ஒரு வரி இயல்பாக்கம். அந்த ஒரு வரியை மாற்றும் ஸ்கிரிப்டில் மட்டும் வைக்காமல், தரவு உள்ளே வரும் ஒவ்வொரு வாசலிலும் வைத்தோம்.

அடையாள அட்டை இலக்கங்கள் தனிக்கதை. அதே எக்செல் பெட்டிகளில் சிலவற்றில் பாமினி எழுத்துருவை எடுத்துவிட்டு ஆங்கிலத்தில் அடித்திருந்தார்கள். ஸ்கிரிப்டுக்கு எழுத்துரு தெரியாது. வீயை 'ஏ' ஆக்கியது, எக்ஸை 'ஓ' ஆக்கியது. ஒன்பது இலக்கத்துக்குப் பிறகு ஓர் 'ஏ'. சங்கத்து அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன தம்பி, ஐ.சி. நம்பர் கேள்வி கேக்குது?" என்றார். ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் வந்தால் தொடாதே என்று ஒரு ரெஜெக்ஸ் (எழுத்துக் கோலத்தைத் தேடும் சூத்திரம்) விதி அதைத் தீர்த்தது.

ரெஜெக்ஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பைதன் நிரல்மொழியின் இயல்பான ரெஜெக்ஸில் 'சொல் எழுத்து' என்ற குறி தமிழ் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கணக்கெடுக்காது. 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்தால் 'தம' என்றும் 'ழ' என்றும் இரண்டு துண்டாக்கித் தரும். நாங்கள் தமிழ் எழுத்துகளின் 128 இட வீச்சை நேராகவே எழுதிவிடுகிறோம். அழகில்லை, ஆனால் வேலை செய்கிறது.

பிழை பிடிக்கும் வேலையை முழுதாக ஸ்கிரிப்டிடம் கொடுக்க முயன்று தோற்றோம். இப்போது அது மூன்று விதியை மட்டும் பார்க்கிறது: சொல்லின் தொடக்கத்தில் உயிர்க்குறி வந்தால், இரண்டு உயிர்க்குறி அடுத்தடுத்து வந்தால், உயிர்க்குறிக்குப் பின் புள்ளி வந்தால் அந்த வரியைத் தனிக் கோப்பில் போடும். அதை அக்கா பார்ப்பார். ஒரே தெருவில் ஒரே தலைப்பெழுத்தோடு இரண்டு கந்தையா இருந்தால் அது ஒருவரா இருவரா என்று எந்த நிரலுக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும், அதில் ஒருவர் கனடா போன ஆண்டும் தெரியும்.

அதே வேகத்தில் குறுஞ்செய்தி வாசகங்களையும் ஒரு கோப்புக்குக் கொண்டுவந்தோம். முன்பு மூன்று மொழியிலும் நிரலுக்குள் சிதறிக் கிடந்தன. ஆங்கிலச் செய்தி ஒன்றில் 160 எழுத்து. தமிழோ சிங்களமோ ஒரு குறி வந்தாலே 70. அதைத் தாண்டினால் 67, 67 ஆகத் துண்டாகி, ஒவ்வொரு துண்டுக்கும் காசு. அங்கே 'தமிழ்' என்பது மூன்று எழுத்தில்லை, ஐந்து. ஆகவே ஒவ்வொரு வாசகத்திலும் பதிவில் உள்ள ஆக நீளமான பெயரையும் ஆறு இலக்கத் தொகையையும் வைத்து அளந்து, 70-ஐத் தாண்டினால் சிவப்புக் காட்டும் சோதனை ஒன்று இருக்கிறது. அது முதலில் பிடித்தது அந்த நிலுவை நினைவூட்டலையே. 'தங்களின் கவனத்திற்கு' என்ற தொடக்கத்தை வெட்டியதும் ஒரு துண்டுக்குள் அடங்கியது. மாதாந்தச் செலவில் சங்கம் உண்மையாகக் கவனித்த ஒரே மாற்றம் அதுதான்.

எல்லாவற்றையும் இப்படிச் செய்துவிட்டோம் என்றில்லை. உலாவியைத் தானாக அழுத்திச் சோதிக்கும் ஸ்கிரிப்டுகள் எழுதினோம். பொத்தானின் இடம் மாறினால் விழும், இணையம் மெதுவானால் விழும். பிழை இல்லாமலே விழுகிற சோதனையை ஒரு மாதத்தில் எல்லோரும் பார்க்காமல் விடப் பழகிவிட்டோம். அதனால் நீக்கினோம், கடன் விண்ணப்பப் பக்கத்துக்கு மட்டும் ஒன்று மிச்சம். சேமிப்புப் புத்தகம் அச்சடிப்பதைத் தானாகச் சோதிக்க வழி கிடைக்கவில்லை. அந்த டொட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறி சங்கத்தில்தான் இருக்கிறது, வரி ஒரு மில்லிமீற்றர் இறங்கினால் தொகை கோட்டின் மேல் விழும். அதற்கு ஒருவர் சைக்கிளில் போய் ஒரு பழைய புத்தகத்தை வைத்துப் பார்த்துவிட்டு வருகிறார்.

புதிய சூழல் எழுப்ப முன்பு ஒரு நாளோ ஒன்றரை நாளோ ஆகும். இப்போது படிமங்கள் கைவசம் இருந்தால் இருபது நிமிடம். ஆனால் இந்தக் கணக்கை யாராவது கேட்டால் நான் கொஞ்சம் தயங்குவேன். எழுதிய நேரம், உடைந்ததைத் திருத்திய நேரம் எல்லாம் கூட்டினால் முதல் ஆறு மாதத்தில் நேரம் மிச்சமே இல்லை. மாறியது வேறு. முன்பு பரிசோதனைச் சூழலை அழிக்கப் பயம், திரும்பக் கட்ட ஒரு நாள் போகும் என்று. இப்போது சந்தேகம் வந்தால் உடனே அழித்துவிட்டுப் புதிதாக எழுப்புகிறோம். கரண்ட் பாதியில் போனால் எந்தப் படியில் நின்றோம் என்று யாரும் தேடுவதில்லை. கட்டளையை மறுபடி அடித்தால் சரி.

பற்றுச்சீட்டோடு வந்து நின்ற ஐயாவின் வீட்டுக்கு முகாமையாளரோடு நானும் போனேன். அவர் கோபிக்கவில்லை. தன் பெயர் செய்தியில் பிழையாக வந்ததைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். ஸ்ரீ என்று தொடங்கும் பெயர். அந்த எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: 'ஸ' வைத்து ஒன்று, 2005-இல் சேர்த்த 'ஶ' வைத்து இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், ஆனால் இயல்பாக்கம் இவற்றை ஒன்றாக்காது. அவருடைய தொலைபேசி அதை உடைத்துக் காட்டியிருக்கிறது. 'ஸ' வடிவத்தையே வைப்பது என்று முடிவெடுத்து ஸ்கிரிப்டில் சேர்த்தோம். அக்காவின் தனிக் கோப்பில் இன்னும் 23 பெயர்கள் தீராமல் கிடக்கின்றன. அதில் ஒன்பது ஸ்ரீ.